பருவுக்கு இரண்டு ட்யூப், பன்னிரண்டு வாரம்

சென்னையில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்று, "அண்ணா, பருவுக்கு ஒரு கிரீம் குடுங்க" என்று கேட்டுப்பாருங்கள். ஒரு நிமிடத்தில் ட்யூப் கைக்கு வந்துவிடும். அதில் என்ன மருந்து இருக்கிறது என்று கொடுப்பவர் சொல்வது அரிது, வாங்குபவர் கேட்பது அதைவிட அரிது. மூன்று வாரம் பூசிவிட்டு, "இது நமக்குச் செட் ஆகலை" என்று அடுத்த ட்யூப். அதற்கடுத்து விளம்பரத்தில் பார்த்த சீரம். அப்புறம் பார்லரில் ஒரு ஃபேஷியல். வருஷக் கடைசியில் கூட்டிப்பார்த்தால் பணம் ஆயிரக்கணக்கில் போயிருக்கும், பரு இருந்த இடத்தில் இருக்கும்.

இத்தனைக்கும் முகப்பருவை அடக்கும் மருந்துகள் புதியவையும் இல்லை, விலை உயர்ந்தவையும் இல்லை. பென்சாயில் பெராக்ஸைடு உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது. அடாபலீன் ஜெல்லை அமெரிக்காவில் 2016 ஜூலையிலிருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்திருக்கிறார்கள். இந்த இரண்டு பெயரையும் முதலில் மனதில் வையுங்கள்: அடாபலீன் 0.1 சதவீத ஜெல், பென்சாயில் பெராக்ஸைடு 2.5 சதவீத ஜெல். லேசான பருவிலிருந்து மிதமான பரு வரை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இவற்றோடு ஒரு சாதாரண ஃபேஸ் வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன் போதும். காசு மருந்தில் கரைவதில்லை, அவசரத்தில்தான் கரைகிறது.

ஏன் அவசரம் உதவாது என்பதைப் பரு உருவாகும் விதத்தில் பார்க்கலாம். மயிர்க்காலின் உள்சுவரிலிருந்து உதிரும் செல்கள் வெளியே வராமல் ஒன்றோடொன்று ஒட்டி, துளையை அடைக்கின்றன. அடைப்புக்குப் பின்னால் எண்ணெய்ச் சுரப்பி சுரந்துகொண்டே இருக்கிறது. வாய் திறந்திருந்தால் அது பிளாக்ஹெட், மூடியிருந்தால் ஒயிட்ஹெட். பிளாக்ஹெட்டின் கருப்பு அழுக்கு இல்லை. காற்றுப் பட்டு நிறம் மாறிய எண்ணெயும் மெலனினும்தான், தேய்த்துக் கழுவினால் போகாது. தேங்கிய எண்ணெயில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகி, உடம்பு அதை எதிர்க்கும்போதுதான் சிவப்பும் வலியும் சீழும். கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் அடைப்பு பருவாக மேலே வர எட்டு வாரம் வரை ஆகலாம். நேற்றுச் சாப்பிட்ட மாம்பழத்தை இன்று வந்த பருவுக்குக் காரணம் சொல்வது கணக்கில் உதைப்பது இதனால்தான். இன்று கண்ணாடியில் தெரிவது மாசியில் தொடங்கிச் சித்திரையில் முளைத்தது.

ஆகவே, முளைத்த பருவின் மேல் மட்டும் மருந்தைப் பொட்டுப்போல வைப்பதில் பெரிய பயன் இல்லை. பரு வழக்கமாக வரும் பரப்பு முழுக்கப் பூசவேண்டும். இன்னும் முளைக்காதவை அங்கேதான் இருக்கின்றன.

இரவு ட்யூப்: அடாபலீன்

அடைப்பைத் திறப்பது இதன் வேலை. வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. நம் ஊரில் டாக்டர் சீட்டுக்கு விற்க வேண்டியது. பெட்டியின் இடப்பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அதற்கு அதுதான் அர்த்தம். ஒருமுறை தோல் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. அரசு மருத்துவமனையில் எழுதி வாங்கினால் செலவும் இல்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இரவு முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள். ஈரத்தில் பூசினால் மருந்து வேகமாக உள்ளே இறங்கி எரியும். தொடக்கத்தில் எரிகிறது என்று கைவிடுகிறவர்களில் பலர் செய்கிற தவறு இதுதான். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. நெற்றியில் ஒரு புள்ளி, கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று, மூக்கில் ஒரு சிறு புள்ளி என்று வைத்துவிட்டுப் பிறகு பரப்புங்கள். நேராக ஒரே இடத்தில் பிதுக்கினால் அந்த இடம் உரியும், மற்ற இடத்துக்குப் போதாது. கண்ணைச் சுற்றி, மூக்கின் மடிப்பு, உதட்டோரம் மூன்றையும் விட்டுவிடுங்கள். அந்த மூன்று இடத்திலும் முன்னதாகக் கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் மருந்து வழிந்து போனாலும் புண்ணாகாது. பத்து நிமிடம் கழித்து மாய்ஸ்சரைசர்.

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டே இரவு, திங்கள் வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள். தோல் ஏற்றுக்கொண்ட பிறகு தினமும். அப்படியும் எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து, அதன்மேல் மறுபடி மாய்ஸ்சரைசர். வீரியம் சற்றுக் குறையும், ஆனால் தொடர்ந்து பூச முடியும். இந்த மருந்தில் தொடர்ச்சிதான் பலன்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் பரு அதிகமானது போலத் தெரியலாம். உள்ளே அடைபட்டிருந்தவை வேகமாக மேலே வருகின்றன. பத்தில் பல ட்யூப்கள் குப்பைக்குப் போவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. ஆறு வாரம் தாண்டினால் புதிதாக வருவது குறையத் தொடங்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் முகம் வீங்கினாலோ, நீர் வடிந்தாலோ, கடுமையாக அரித்தாலோ அது இந்தக் கணக்கில் சேராது. நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீன் பூசக்கூடாது. அதோடு, பார்லர் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இதைப் பூசும் முகத்தில் வேக்ஸிங் செய்தால் முடியோடு தோலும் சேர்ந்து உரிந்து வரும். மேலுதட்டில் திரெடிங், பிளீச், ஸ்க்ரப் வைத்த ஃபேஷியல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டுப் போங்கள், பார்லரில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். கல்யாண வீட்டு அவசரத்தில் மேலுதடு கருகிப்போய், முகூர்த்தத்தன்று மேக்கப்பில் மறைக்கவேண்டி வருவது பெரும்பாலும் இதனால்.

காலை ட்யூப்: பென்சாயில் பெராக்ஸைடு

இது பாக்டீரியாவைக் கொல்கிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குப் பாக்டீரியா பழகிப்போவது போல இதற்குப் பழகுவதில்லை. எத்தனை வருடம் பூசினாலும் வேலை செய்யும். கடையில் 2.5, 5, 10 என்று சதவீதம் ஏறிக்கொண்டே போகும். பெரிய எண்ணைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். சிவந்த பருவுக்கு 2.5 சதவீதம் கிட்டத்தட்ட 10 சதவீதத்துக்கு இணையாக வேலை செய்கிறது, எரிச்சல் மட்டும் மிகக் குறைவு. 5 சதவீதம்தான் கிடைத்தது என்றால் பூசி ஐந்து நிமிடம் வைத்துக் கழுவிவிடுங்கள். முதுகு, மார்புப் பருவுக்கும் இந்த வழிதான் வசதி. குளிக்கும்போது பூசி, பல் தேய்த்து முடித்துக் கழுவலாம்.

இது துணியை வெளுக்கும். லேசாக அல்ல, சாயத்தையே எடுத்துவிடும். துண்டு, தலையணை உறை, சுடிதார் கழுத்து, ஸ்கூல் யூனிஃபார்ம் காலர், எதுவும் தப்பாது. வெள்ளைத் துண்டு ஒன்று தனியாக வையுங்கள். பூசியது நன்றாகக் காய்ந்த பிறகே சட்டை மாட்டுங்கள். வியர்வையில் கரைந்து கழுத்துக்கு இறங்கும் ஊர் இது. பட்டுப்புடவை கட்டுகிற நாளில் பூசாமலே விடலாம். புருவத்திலும் முன்முடியிலும் பட்டால் அவையும் செம்பட்டையாகும்.

சூட்டில் இது சிதைந்து பென்சீன் என்ற தீங்கான பொருள் உண்டாகக்கூடும் என்று தெரிந்து, 2025 மார்ச்சில் அமெரிக்காவில் சில பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். சோதித்தவற்றில் மிகப் பெரும்பான்மையில் கவலைப்படும் அளவு எதுவும் இல்லை. பயப்பட வேண்டாம், ஆனால் வண்டி டிக்கியிலோ வெயில் படும் ஜன்னல் ஓரத்திலோ ட்யூபை வைக்காதீர்கள். கத்திரி வெயிலில் பூட்டிய டிக்கி என்ன சூடு ஏறும் என்று தெரியும். பெட்டியில் போட்டிருக்கும் காலாவதித் தேதிக்குப் பிறகு தூக்கிப்போடுங்கள்.

அடாபலீனும் இதுவும் ஒன்றாகக் கலந்த ஜெல்லும் கிடைக்கிறது. சோம்பல் உள்ளவர்களுக்கு அது நல்லது. வாங்கும் முன் தனித்தனி ட்யூப்களின் விலையோடு ஒப்பிட்டுப்பாருங்கள்.

விலையை ஒப்பிடுவது எப்படி? எம்.ஆர்.பி.யைக் கிராமால் வகுங்கள். 15 கிராம் அடாபலீன் ட்யூப் 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிராம் 16 ரூபாய். ஓர் இரவுக்குப் பட்டாணி அளவு என்பது ஏறத்தாழ கால் கிராம், அதாவது 4 ரூபாய். ஒரே மருந்து, ஒரே சதவீதம், ஒரே எடை, இந்த மூன்றும் பொருந்தினால் கம்பெனி மாறினாலும் மருந்து அதேதான். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுக்க ஆயிரம் கடைகளாகத் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் மருந்தின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். கையிருப்பு கடைக்குக் கடை மாறும். ஜன் ஔஷதி சுகம் என்ற செயலியில் பக்கத்து மக்கள் மருந்தகம் எங்கே, பட்டியலில் என்ன மருந்து உண்டு என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கை வைக்கவே கூடாத ட்யூப்

கடையில் "பருவுக்கும் போடலாம், கலரும் வரும்" என்று சொல்லித் தரப்படும் வெள்ளை ட்யூப்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள். பீட்டாமெத்தாசோன், மொமெட்டாசோன், குளோபெட்டசால், ஃபுளுசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு டாக்டர் சொல்லும் நாள் வரைக்கும் அது நல்ல மருந்து. முகப்பருவுக்கு நஞ்சு.

மக்கள் ஏமாறுவதற்குக் காரணம் அதன் முதல் வாரம். சிவப்பு அடங்கும், முகம் வெளுக்கும், "சூப்பரா வேலை செய்யுதே" என்று தோன்றும். இரண்டு மூன்று மாதத்தில் ஒரே அளவில் பொடிப்பொடியாகப் பருக்கள் முகம் முழுக்க வரும். தோல் மெலிந்து உள்ளே ரத்தக்குழாய் தெரியும், வெயிலில் நின்றால் எரியும், பெண்களுக்குக் கன்னத்தில் முடி வளரும். நிறுத்தினால் எல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பி வருவதால் மறுபடி அதையே பூசுவார்கள். இப்படித்தான் சிலர் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் பல வருடமாக இதை எதிர்த்துப் பிரசாரம் செய்துவருகிறது. ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டாசோன் மூன்றும் சேர்ந்த கிரீமும் இதே வகைதான். மங்குக்குக் குறுகிய காலத்துக்கு எழுதித் தரும் மருந்து அது, தினசரி அழகு கிரீம் கிடையாது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவருபவர் நீங்கள் என்றால் உடனே தூக்கி எறிந்துவிட்டுத் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தோல் டாக்டர் படிப்படியாக இறக்கிவிடுவார்.

லேபிளே இல்லாமல் டப்பாவில் விற்கும் நைட் கிரீம் இன்னும் மோசம். கேரளத்தின் மலப்புரத்தில் சிகப்பழகு கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்து, கிரீமில் பாதரசம் மிக அதிகமாக இருந்தது 2023-இல் வெளியே வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஆன்டிபயாடிக் பூச்சைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளிண்டாமைசின் ஜெல் நல்ல மருந்துதான், ஆனால் தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா பழகிவிடும். பென்சாயில் பெராக்ஸைடோடு சேர்த்தே பூச வேண்டும். கலாமைன் லோஷன் எரிச்சலைத் தணிக்கும், அவ்வளவுதான். அது அடைப்பைத் திறக்காது.

பரு மாதிரி இருக்கும், பரு இல்லை

சென்னை வெயிலில் மூன்று விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். வேர்க்குரு வியர்வைத் துளை அடைபட்டு வருவது, சில நாள் குளுமையில் இருந்தால் அடங்கும். வேனல்கட்டி என்பது மயிர்க்காலில் வேறு வகைப் பாக்டீரியா புகுந்து பெரிதாக, ஒன்றோ இரண்டோ மட்டும், கடுத்துக்கொண்டு வருவது. "உடம்புச் சூடு" என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டையும்தான். முகப்பருவில் பிளாக்ஹெட், ஒயிட்ஹெட், சிவந்த பரு எல்லாம் கலந்து, வெவ்வேறு அளவில் இருக்கும்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. நெற்றி, மார்பு, முதுகின் மேல்பக்கம் என்று வியர்க்கும் இடங்களில் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் சின்னச் சின்னதாக, அரிப்போடு, பிளாக்ஹெட் எதுவும் இல்லாமல் வந்தால் அது மலஸ்ஸீஜியா என்ற பூஞ்சையின் வேலையாக இருக்கலாம். பொடுகுக்குப் பின்னால் இருப்பதும் இதே பூஞ்சைதான். பருவுக்கு என்று ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டு இது அதிகமாகிவிட்டவர்கள் உண்டு. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை அந்த இடத்தில் நுரைத்து ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு ஒருமுறை. இரண்டு வாரத்தில் நன்றாகக் குறைந்தால் பூஞ்சை என்று கிட்டத்தட்ட உறுதி. ஜிம்மிலிருந்து வந்த டீஷர்ட்டோடு ஏசி பஸ்ஸில் வீடு வரை வராமல், அங்கேயே மாற்றிவிடுவதும் இதற்குச் சிகிச்சையில் பாதி.

தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கத்தை விடச் சொல்லவில்லை. ஆனால் நெற்றியில், முடி தொடங்கும் வரிசையை ஒட்டி மட்டும் வரும் பொடிப்பருவுக்கு எண்ணெய் வழிவது ஒரு பெரிய காரணம். தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிட்டு இரவு முழுக்கத் தூங்காமல், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் தேய்த்து, நன்றாக ஷாம்பூ போட்டு அலசி, கடைசியாக முகத்தைக் கழுவுங்கள். தலையணை உறையை வாரத்துக்கு இருமுறை மாற்றுங்கள். எண்ணெய் வைத்த முன்முடி நெற்றியில் விழாமல் இருந்தால் போதும், பாதிப் பிரச்சினை தீரும்.

ஹெல்மெட் போடுகிறவர்களுக்குத் தாடையிலும் நெற்றியிலும் ஒரு பட்டைபோல வரும். உரசல், சூடு, வியர்வை மூன்றும் சேர்ந்த விளைவு. பருத்தித் துணித் தொப்பி ஒன்றை உள்ளே போட்டுக்கொண்டு அதைத் தினமும் துவையுங்கள். தாடைப்பட்டையை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். முகத்தைச் சுற்றும் துப்பட்டாவுக்கும் இதே விதி. தாம்பரத்திலிருந்து ஓ.எம்.ஆர். வரை ஓட்டிவிட்டு வந்ததும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், மறுபடி ஃபேஸ் வாஷ் வேண்டாம். நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் நுரை போட்டால் தோல் காய்ந்து, மருந்து இன்னும் எரியும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர் தண்ணீர், லாரித் தண்ணீர் பல ஏரியாவில் கடினமானது. அதில் குளியல் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து ஒரு பிசுக்காகத் தோலில் படியும். சோப்பே காரத்தன்மை உள்ளது, பி.எச். 9 முதல் 10 வரை. நம் தோல் 5-ஐ ஒட்டியது. இதனால்தான் சோப்பு போட்டதும் முகம் இழுத்துப் பிடிக்கிறது. சோப்பில்லாத, வாசனை குறைந்த ஃபேஸ் வாஷ் கடின நீரிலும் பிசுக்கு விடாது. விலை மலிவானதே போதும், இருபது வினாடியில் கழுவிப்போகும் பொருளில் உள்ள விலை உயர்ந்த சத்துகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பிளாக்ஹெட் அதிகம் உள்ளவர்கள் மட்டும் 2 சதவீத சாலிசிலிக் அமிலம் உள்ளதை வாங்கலாம், அதுவும் அடாபலீன் பழகிய பிறகு.

சமையலறை வைத்தியம்

பாசிப்பயறு மாவை மெல்லிய துணியில் சலித்துக் கழுவினால் கெடுதல் இல்லை, எண்ணெய் போகும். கரகரப்பாக இருந்தால் சிவந்த பருவைக் கீறிவிடும். ஜாதிக்காய் இழைத்துப் பூசுவதும் சந்தனமும் கொஞ்சம் காயவைக்கும், குளுமை தரும். ஆனால் அடைப்பைத் தொடாது. குப்பைமேனி சிலருக்குக் கடுமையாக எரிந்து கருத்துவிடுகிறது. எலுமிச்சைச் சாறு, பூண்டு, சமையல் சோடா, பற்பசை நான்கையும் முகத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம். நம் மாநிறத் தோலில் எந்த எரிச்சலும் கறையாகத்தான் முடியும். பரு ஒரு வாரத்தில் போகும், எலுமிச்சை வைத்த கறை ஆறு மாதம் நிற்கும்.

சாப்பாட்டில் பஜ்ஜியை விடச் சர்க்கரையையும் வே புரோட்டீன் பவுடரையும் சந்தேகியுங்கள். சீக்கிரம் சர்க்கரையாக மாறும் உணவு, ஆடை நீக்கிய பால், வே புரோட்டீன் ஆகியவற்றுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஜிம் சேர்ந்த பிறகு முதுகில் பரு வந்த பையன்கள் இரண்டு மாதம் பவுடரை நிறுத்திப்பார்க்கலாம். மற்றபடி சாப்பாட்டுப் பட்டியல் போட்டுப் பிள்ளைகளை வாட்ட வேண்டாம்.

பரு போன பிறகு நிற்கும் கருப்பு

பலருக்குப் பருவை விடக் கவலை இதுதான். இரண்டு வகை உண்டு, குழப்பாதீர்கள். விரலால் தடவினால் சமமாக இருந்து நிறம் மட்டும் கருத்திருந்தால் அது கறை. தானே மறையும், ஆனால் மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை எடுக்கும். தடவும்போது பள்ளம் தெரிந்தால் அது குழித் தழும்பு, எந்தக் கிரீமாலும் நிரம்பாது. நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் போன்ற சிகிச்சைகள் உண்டு. புதுப் பரு வருவது நின்ற பிறகே அதற்குப் போக வேண்டும். பரு வந்துகொண்டிருக்கும்போதே பேக்கேஜ் பேசி முன்பணம் கட்டச் சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கறைக்கு முதல் மருந்து சன்ஸ்கிரீன். அது இல்லாமல் மற்ற எதுவும் பாதிதான் வேலை செய்யும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத ஜெல் வகை, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கி முகமும் கழுத்தும். இதைவிடக் குறைத்துப் பூசினால் பெட்டியில் போட்ட எண் கிடைக்காது. அடுத்தது அசிலாயிக் அமிலம், 10 சதவீதத்தில் தொடங்கி 20-க்குப் போகலாம். பருவையும் கறையையும் ஒருசேரக் குறைக்கும். அடாபலீன் பூச முடியாத கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் இதைத்தான் எழுதுகிறார்கள். முதல் சில வாரம் எறும்பு ஊர்வது போலக் குறுகுறுக்கும், பழகிவிடும். அடாபலீனே கறையையும் மெல்லக் குறைக்கும் என்பதால் தொடக்கத்திலேயே மூன்றாவது ட்யூப் வாங்க அவசரப்பட வேண்டாம். பருவைக் கிள்ளாமல் இருப்பதற்குச் செலவே இல்லை. கிள்ளும் பழக்கம் விடாதவர்கள் பருவின் மேல் சின்ன ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டுகளை ஒட்டிக்கொள்ளலாம், அது மருந்து என்பதைவிட விரலுக்குப் பூட்டு.

டாக்டரிடம் எப்போது

தோலுக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி வலிக்கும் கட்டிகள் வந்தால், குழி விழத் தொடங்கினால், பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் மாறாவிட்டால் டாக்டரைப் பார்க்கத் தள்ளிப்போடாதீர்கள். குழி விழுந்த பிறகு சரிசெய்யும் செலவு, விழாமல் தடுக்கும் செலவைப் போலப் பல மடங்கு. பெண்களுக்குத் தாடையோரம் மட்டும் பரு, மாதவிடாய் தள்ளித்தள்ளி வருவது, மோவாயில் முடி மூன்றும் சேர்ந்திருந்தால் பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) உண்டா என்று பார்க்க வேண்டும். அங்கே கிரீம் மட்டும் போதாது.

சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தவை, மூத்த தோல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஓ.பி. காலையில்தான், சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள். பார்ப்பதற்கும், அங்கே இருப்பில் உள்ள மருந்துக்கும் காசு இல்லை. இதுவரை பூசிய எல்லா ட்யூப்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். "வெள்ளையா ஒரு கிரீம்" என்று சொல்வதை விட அதுதான் டாக்டருக்கு உதவும். மாதம் ஒருமுறை, அதே ஜன்னல் ஓரம், அதே நேரம், மேக்கப் இல்லாமல் எடுத்த போட்டோக்களும் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடி தினமும் பொய் சொல்லும், மூன்று போட்டோ சொல்லாது.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதினால் முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள். தொண்டைக் குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் சரியாகச் சேராது. வெயில் சுடும். மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்டாமல் நிறுத்துவதுதான் முறை, அதுவரை ட்யூப்களும் கூடவே தொடர வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை நின்றதும் பரு திரும்பும். பழைய சீட்டைக் காட்டி நீங்களே மறுபடி வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

ஐசோட்ரெட்டினோயின் என்ற மாத்திரை மிகக் கடுமையான பருவையும் அடக்கும், பலருக்கு நிரந்தரமாகவே. ஆனால் சாப்பிடும்போது கர்ப்பம் தரித்தால் குழந்தைக்குக் கடும் ஊனம் வரக்கூடும். பெண்களுக்கு முன்னதாகக் கர்ப்பப் பரிசோதனை, சாப்பிடும் காலம் முழுக்கவும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் கருத்தடை கட்டாயம். ஈரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. அந்த ஒரு மாதம் முடியும் வரை ரத்ததானமும் செய்யக்கூடாது, அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். உதடு வெடிக்கும், எல்லோருக்கும் வெடிக்கும், வாசலின் பையில் இருக்கட்டும். தோழி சாப்பிட்டு நன்றாக ஆனாள் என்று அவள் அட்டையிலிருந்து பத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

முகம் தெளிந்த பிறகு ட்யூபைத் தூக்கிப்போட வேண்டாம். அடாபலீனை வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு தொடர்ந்தால் புதிய அடைப்பு உருவாகாது. பென்சாயில் பெராக்ஸைடைக் கத்திரி மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ட்யூபைத் திறந்த தேதியைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதிவையுங்கள். தினமும் பூசும் நாட்களில் 15 கிராம் ஒரு மாதத்தில் தீர்ந்தால் அதிகமாகப் பூசுகிறீர்கள். நான்கு மாதம் வந்தால் பருவின் மேல் மட்டும் பொட்டு வைக்கிறீர்கள். இரண்டு மாதம்தான் சரியான கணக்கு.